அட்டை எடுத்த பத்தொன்பது பிரதிகள்

என் பெயர் கமலா, வயது 41. கணவர் பெயர் புருஷோத்தமன். சிகந்திராபாத் ரெஜிமெண்டல் பஜாரில் தமிழ்ப் புத்தகக் கடை நடத்துகிறோம். கடையின் பின்கட்டில் குடியிருக்கிறோம். 1937 ஆகஸ்டு 14ஆம் தேதி காலை பதினொரு மணிக்குப் போலீஸ் நிலையத்தில், சப் இன்ஸ்பெக்டர் கேட்டதன் பேரில் நான் சொல்வதாவது:

சென்னைப் பதிப்பாளர் ஒருவர், விற்காததைத் திருப்பிவிடலாம் என்ற ஏற்பாட்டில் எங்களுக்குப் புத்தகம் அனுப்புகிறார். அனுப்பிய பிரதி, விற்ற பிரதி, திரும்பிய பிரதி என்று மூன்று கட்டம் போட்டுக் காலாண்டுக்கு ஒருமுறை அவருக்கு எழுத வேண்டும். அதைப் பார்த்தே மறுபதிப்பை முடிவு செய்வார். ரயில் கூலி அதிகம் என்பதால் விற்காத பிரதிகளின் மேலட்டையை மட்டும் அனுப்பிவிட்டு மிச்சத்தை எரித்துவிட வேண்டும். எரித்ததாக என் கணவர் கையெழுத்திடுவார். எரிப்பது என் வேலை.

சென்ற ஏப்ரலில் அட்டை எடுத்த பத்தொன்பது பிரதிகளை வெந்நீர் அடுப்புக்கென்று என்னிடம் கொடுத்தார். நான் அவற்றை எரிக்காமல், மரத்தூள் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு பிரதிகளுக்குக் காலண்டர் தாளில் உறை போட்டு, லாலாகூடா ரயில்வே குடியிருப்புப் பெண்களுக்குப் படிக்கக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அதன் பிறகு இம்மாதம் 12ஆம் தேதி, பதிப்பாளரின் ஆள் சிவஞானம், மக்கள் எந்தப் புத்தகம் வாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொள்ளச் சென்னையிலிருந்து வந்து லாலாகூடாவில் வீடு வீடாகப் போனார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருக்கும் தேவராஜின் மனைவி தங்கம் அவரை உட்காரவைத்து, "வாங்குறதா? நக்கோ சார், வேணாம். கமலாக்கா சும்மா குடுக்கறாங்க. இந்தப் பொஸ்தகத்துக்கு இது பதினோராவது வீடு. சீக்கிரம் பாத்துட்டுக் குடுங்க, பக்கத்து வீட்டுல காத்திருக்காங்க" என்றாளாம். அதன் பிறகு சிவஞானம், திரும்பியதாகக் காட்டிய பிரதிகளை என் கணவர் திருட்டுத்தனமாக விற்றார் என்று புகார் கொடுத்தார்; நேற்று போலீசார் என் கணவரை இங்கே அழைத்துவந்தார்கள்.

புத்தகங்களைத் தானே கொடுத்ததாகவும் எனக்கு ஒன்றும் தெரியாதென்றும் என் கணவர் எழுதிக்கொடுத்ததை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அது உண்மையல்ல. எந்தப் புத்தகம் எந்த வீட்டில் இருக்கிறது என்று அவரைக் கேட்டால் ஒன்றுகூடச் சொல்லத் தெரியாது. பத்தொன்பதையும் நான் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அப்போது அங்கிருந்த சிவஞானம், இவற்றை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டார். "படிச்சதுன்னு ஒரு கட்டம் போடுங்க, தம்பி. அதுதான் உங்ககிட்ட இல்ல" என்றேன். அவர் அதைத் தம் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு சப் இன்ஸ்பெக்டர் ஒரு பிரதியைக் காட்டி, அட்டையைக் கிழிக்காமல், முதல் பக்கம் கெடாதபடி சவரக் கத்தியால் எடுத்திருக்கிறது, எரிக்கிற புத்தகத்துக்கு இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்டார். அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. பிரதியை வாங்கி முதல் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தேன். பிறகு, என் கணவர் வாழைக்காய் நறுக்கினாலும் அப்படித்தான் நறுக்குவார், நான் எரிக்கமாட்டேன் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்று அதை வைத்து எழுத வேண்டாம் என்று சொன்னேன்.

எழுதியதைத் தமிழில் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) பு. கமலா