ஈசானி மூலையில் அடுப்பு

பிப்ரவரி 11, செவ்வாய். 5.40க்கு எழுந்து தண்ணீர் பிடித்து வைத்தேன். 8.10க்குத் தாம்பரத்தில் மேடவாக்கம் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு கணவன், மனைவி. பார்த்து வைத்த பிளாட்டுக்குச் சம்மதம் சொல்லப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அந்த பிளாட் வேணாம்" என்றார் கணவர். "சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரன் கோட்டை பாத்தமே, அது ஏன் விழுந்துச்சு தெரியுமா? சமையல்கட்டு ஈசானி மூலையில. இங்கயும் அதே."

"பீரங்கி வெச்சு இடிச்சாங்கன்னு போர்டுல போட்டிருந்துச்சே?"

"போர்டு எழுதுனவனுக்கு வாஸ்து தெரியுமா? கிழக்கே கடல், அவ்ளோ தடிமன் சுவரு, யானை ஏற மேடை, எல்லாம் கரெக்டா வெச்சவன் அடுப்புல கோட்டை விட்டுட்டான்."

"அப்படியும் நூறு வருஷத்துக்கு மேல இருந்தான் இல்ல? நமக்கு அம்பது போதுங்க. இருபது வருஷமா இருக்கோமே வாடகை வீடு, அங்க அடுப்பு எந்த மூலையில இருக்கு, சொல்லுங்க?"

சேலையூரில் கேட்ட கேள்விக்கு வேங்கைவாசலில்தான் பதில் வந்தது.

"தெரியல. சரி, வாங்கிடலாம்."

பிப்ரவரி 12. எழுந்ததும் முதல் வேலையாகத் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் சமையலறைக்குப் போனேன்.