நெட்டையன் வீட்டுப் பொண்ணு

அந்த ஸ்டூல்ல வேணாம் மிஸ், அது ஆடும். இந்தக் கதிரையில ஒக்காருங்க. சிவானுஜா கடைக்குத்தான் போயிருக்கா, வந்துருவா. கொழும்புலேர்ந்து இம்புட்டுத் தூரம் நமுனுகுல மலையேறி வந்துருக்கீங்க, வெறும் சாயத்தண்ணியக் குடுத்து அனுப்புனா நல்லாவா இருக்கும்? நாந்தான் பிஸ்கட் வாங்கிட்டு வரச் சொன்னேன். எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லீங்க. குடிங்க.

ஆமா, ஒங்க கம்பெனி பாஸ்கட்பால் டீமுக்கு எம்மகளக் கேட்டு வந்துருக்கீங்க. வேல தர்றோம், தங்க எடம் தர்றோம், வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னீங்க. நல்லாத்தான் சொன்னீங்க. அதுல ஒண்ணுகூட எனக்குப் புதுசு இல்ல மிஸ், அதான் மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன். கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரரக் கேட்டு வந்த கம்பெனி சேரும் இதே இஸ்தோப்புத் திண்ணையில ஒக்காந்து இதத்தான் சொன்னாராம்.

அந்தப் படத்துல நிக்கிறவரா? அவருதான், தயாபரன். பக்கத்துல நிக்கிறவங்கள குட்டன்னு நெனைக்காதீங்க, அவங்களும் நெட்டதான். அவரு பக்கத்துல யாரு நின்னாலும் அப்படித்தான் தெரியும். இந்தத் தேயிலத் தோட்டத்துல வந்து என் பேரச் சொல்லி, சிவசக்தி வீடு எங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நெட்டையன் வீடுன்னு கேளுங்க, சின்னப்புள்ள கூடக் கையக் காட்டும். எங்க மாமனாரு வீரசிங்கமும் அப்படியாம். அவரு செத்தப்ப எங்க வீட்டுக்காரரு கைப்புள்ள.

அவரு பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப பெரட்டுக்களத்துல வலையக் கட்டி வாலிபால் அடிப்பாங்க. காலையில எங்களுக்கெல்லாம் பேரு கூப்புட்டு மலைக்கு அனுப்புற எடம்தான், அத விட்டா இங்க சமமான தர ஏது? ஒருநா பதுளையிலேர்ந்து வந்த பிடி சேர் ஒருத்தரு பாத்துட்டு, தம்பி கைய விரின்னாராம். விரிச்சாரு. அவரு வெரலு ஒங்க வெரலுல ஒண்ணர மடங்கு இருக்கும் மிஸ். பந்தக் குடுத்தா ஒத்தக் கையில கவுத்துப் புடிப்பாரு, கீழ விழாது. அன்னைக்கே வாலிபால் முடிஞ்சுபோச்சு, பாஸ்கட்பால்தான்னு ஆயிருச்சு.

டவுன்ல பாலசுப்பிரமணியம் மொதலாளி கடையில அவரு காலுக்குச் சப்பாத்து இல்ல. கொழும்புக்குச் சொல்லி விட்டும் கெடைக்கல. வெறுங்காலோடயே ஆடித்தான் மாகாண டீமுக்குப் போனாரு. அப்பறம் வேற ஒரு கம்பெனிக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. ஸ்டோர்ஸ் கிளார்க்குன்னு போட்டிருந்தாங்க, ஆனா ஒரு நாளும் அந்த மேசையில ஒக்காந்ததில்ல, காலு உள்ள போகாது. காலையிலயும் சாயங்காலமும் ஆட்டம்தான் வேல. மாலைதீவுல ஒரு கிளப்புக்கும் போயி ஆடிட்டு வந்தாரு. சிங்கள ஆளுக கொக்கா, கொக்கான்னு கத்துவாங்களாம். கொக்கத்தான் அப்படிச் சொல்றது. ரோட்டுலன்னா பொலிஸ்காரன், மலையகத்துத் தமிழன், ஐடென்டிட்டிய எடு, பேக்கத் தொறன்னுவான். சண்ட நடந்த காலம்ல. பேக்குல பந்து இருந்தா விட்டுருவான். அதுக்காகவே பந்தத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாரு மனுசன், கடைக்குப் பாண் வாங்கப் போனாலும்.

சந்தோஷமாத்தான் இருந்தாரு மிஸ். அத நான் மறைக்கல. இங்க எந்த வாசலுக்குள்ள போனாலும் குனியணும், பஸ்ல குனியணும், கோயில்ல குனியணும், தொர முன்னால சொல்லவே வேணாம். ஆட்டக் களத்துல மட்டுந்தான் சக்தி நான் நிமுந்து நிக்கிறேன்னு எங்கிட்டச் சொல்லிருக்காரு. அப்படிச் சொன்ன மனுசன நான் எப்படி விட்டுட்டு வாங்கன்னு கூப்புடுறது?

மெடிக்கலா? அது அப்பவும் இருந்துச்சு. ஒங்க பேக்குல இருக்குற கேள்விங்கதான் அப்பவும். சேத்துக்குறதுக்கு முன்னால கம்பெனி டாக்டரு பாத்தாரு. வயசு பத்தாதுன்னு எங்க மாமியார் இராக்கம்மாவையும் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. ஒங்க குடும்பத்துல யாராச்சும் நெஞ்சு வியாதியில திடீர்னு செத்துருக்காங்களான்னு கேட்டாங்களாம். அவங்க இல்லைன்னுட்டாங்க.

பொய் இல்ல மிஸ். அவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மாமனாரு தேயில ஸ்டோர்ல வேல செஞ்சவரு. ஒருநா மத்தியானம் கொழுந்து அரைக்கிற ரோதைக்குப் பக்கத்துல நின்னவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தாரு, அவ்வளவுதான். அந்த மிசினக் காக்குற சாமி ரோதமுனி. அந்த வருசம் முனிக்குக் கெடா வெட்டாம சேவலோட முடிச்சுட்டாங்களாம், அதுக்குத்தான் முனி அடிச்சிருச்சுன்னு தோட்டமே சொல்லுச்சு. முனி அடிச்சா அது வியாதியா? டாக்டரு கேட்டது வியாதிய. புருசன் ஒருநா காய்ச்சல்னு படுக்காத ஆளு, எரும மாதிரி இருந்தாருன்னுதான் அவங்க மனசுல. கொழும்புல கோட்டுப் போட்ட டாக்டருகிட்டப் போயி முனி பேர எடுக்கவும் முடியாது, எடுத்தா அதுவும் குத்தம். இல்லைன்னாங்க. எழுதிக்கிட்டாங்க.

நானும் இந்தத் தோட்டத்துக்காரிதான், நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். சிவானுஜா பொறந்து நடக்க ஆரம்பிச்ச பெறகு அவருக்கு முதுகுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு வலி வந்துச்சு. கிழிக்கிற மாதிரி இருக்குன்னாரு. டீம்ல சொன்னா ஒக்கார வச்சுருவாங்கன்னு அங்க வாயத் தொறக்கல. லீவு போட்டு வீட்டுக்கு வந்தாரு. மாமியார் அழுது, முனி பழைய கணக்கக் கேக்குதுன்னு, கெடா வாங்கி, சாராயம் சுருட்டெல்லாம் வச்சுப் படைச்சாங்க. நான் கறி ஆக்குனேன். வலி நின்னுருச்சு மிஸ். நெசமாவே நின்னுருச்சு. தின்னுட்டுத் தெம்பாக் கொழும்புக்குப் போனாரு.

அப்பறமும் சில வருசம் ஆடுனாரு. ஒரு மேச்சுல, ஓடிக்கிட்டு இருந்தவரு நின்னு, பந்த மெதுவாத் தரையில வச்சாராம். வச்சுட்டு ஒக்காந்தாரு. சப்பாத்துக் கயிறு கட்டுறாருன்னு எல்லாரும் நெனச்சாங்களாம். எதிர் டீம் பந்த எடுத்துக்கிட்டுப் போயி கூடையில போட்டுட்டு வந்துருக்கு, அப்பவும் இவரு எந்திரிக்கல. கூட ஆடுன றிகாஸ்தான் போயித் தோளத் தொட்டிருக்கான். எழவுக்கு வந்தப்ப அவந்தான் சொன்னான்.

பொட்டி இந்த வாசல்ல திரும்பல மிஸ். சாச்சுப் பாத்தாங்க, தூக்கிப் பாத்தாங்க. கடைசியில வெளியதான் தகரத்துக்குக் கீழ வச்சோம், மழையில. வீட்டுக்குள்ள அவரக் கொண்டார முடியல எனக்கு.

ஆஸ்பத்திரியில சொன்னாங்க, இருதயத்துலேர்ந்து வர்ற பெரிய குழாய் வீங்கி வெடிச்சிருச்சுன்னு. இது பரம்பரையா வர்றது, இந்த ஒசரம், இந்த வெரலு எல்லாமே அந்த வியாதியோட சேந்ததுதான்னு. தகப்பனுக்கும் அதாத்தான் இருக்கும்னாங்க. மாமியாரும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வெளிய வந்ததும், அப்ப நான் இத்தன வருசம் யாருக்குப் படைச்சேன்னாங்க. அதுக்கப்பறம் அவங்க ரொம்ப நாளைக்கு இல்ல.

அழல மிஸ், பொகதான் கண்ணுல. அடுப்பு உள்ளதான இருக்கு.

சிவானுஜாவப் பந்து கண்ணுல படாமத்தான் வளத்தேன். அவ ஆடுற சங்கதி எனக்கு ஊரு சொல்லித்தான் தெரியும். பதுளைக்கு டியூசன்னு போயி ஆடிருக்கா. நல்லா ஆடுறான்னு நீங்க சொல்றீங்க, இருக்கும். ஒசரம் அவங்கப்பன். வெரலும் அவங்கப்பன். அவ கைய நீட்டுனா நான் வேற பக்கம் பாத்துக்குறேன்.

போன மாசம் கையக் காலப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். நெஞ்சுல பசையத் தடவி டீவியில பாத்தாங்க. ஆமா மிஸ், அதேதான். இப்பவே வீங்கிருக்காம். மாத்திர குடுத்துருக்காங்க. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, அப்படி இருந்தா ரொம்ப காலம் இருக்கலாம்னாங்க. அவளும் பக்கத்துலதான் ஒக்காந்து கேட்டா. வர்ற வழியில பஸ்ல, ஏம்மா, அப்பா நிமுந்து நின்னுட்டுச் செத்தாரு, நீ கூடையச் சொமந்து கூனிக்கிட்டே இருக்க, ரெண்டுல எது நல்லதுங்கிறா. எனக்கு இப்பவும் தெரியல. ஒங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க.

இருங்க, ஒக்காருங்க. இப்பவே எந்திரிச்சுப் போயிட்டா நான் சொல்லிட்டேன்னு தெரிஞ்சுரும்.

நீங்க அந்த நெஞ்சு வியாதிக் கேள்வியக் கேப்பீங்கன்னு அவளுக்குத் தெரியும். அப்பா வேன்ல அடிபட்டுச் செத்தாருன்னு சொல்லுவா. எடமெல்லாம் சொல்லுவா, கொஸ்லந்தப் பக்கம், மழ நாளுன்னு. கேட்டா நம்பிருவீங்க. நேத்து சாயங்காலம் என்னையும் ஒக்கார வச்சு, மிஸ் இப்படிக் கேட்டா நீ இப்படிச் சொல்லும்மான்னு சொல்லிக் குடுத்தா. நான் தப்பாச் சொன்னா சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கேட்டா. கடைசியில சரியாச் சொல்லிட்டேன். கெட்டிக்காரி எங்கம்மான்னு கன்னத்தத் தட்டிட்டுப் போனா.

அந்தா வர்றா, கொய்யா மரத்துக்குக் கீழ. அவசரம் பாருங்க, படியில எப்படி ஓடியாறான்னு. கேக்குறதக் கேளுங்க மிஸ், அவ சொல்றதையும் எழுதிக்கங்க. அப்பறம் ஆட்டம் பத்தாதுன்னு சொல்லிட்டுப் போயிருங்க. எப்படியும் கண்டுபுடிச்சுருவா சொன்னது நாந்தான்னு. எங்கூடப் பேச மாட்டா. பேசாட்டிப் போறா மிஸ், உசுரோட இருப்பால்ல.