'வாங்க' சொல்லக்கூடாத ஊடு

ஏனுங்க, மறுபடியும் தலையத் தூக்குறீங்களே! படுங்கன்னா படுங்க. கட்டில்ல கெடக்கறப்பவாவது பொண்டாட்டி சொல்றதக் கேட்டா என்ன, கிரீடமா எறங்கீரும்? ஒன்றர மாசம் அசையாம, வாயத் தொறக்காமப் படுத்திருக்கோணும்னு டாக்டரு சொன்னாருல்ல? மண்டைய ஆட்டாதீங்க, அதுவும் அசையறதுதான்!

வெரல்ல குத்தி, கண்ணாடித் துண்டுல ரத்தத்தத் தொட்டு வெச்சுப் பாத்தாரே, மறந்துபோச்சுங்களா? மத்தவிங்களவிட உங்க ரத்தம் வெரசாக் கட்டியாயிருதாமா. உங்களுக்கு எதுலதான் அவசரமில்ல! மடையில சேறு அடைச்சாக் கடைசி வயலு காயுதில்லீங்க, அப்படி நெஞ்சுக்குப் போற கொழாய்ல ரத்தம் கட்டிக்கிட்டு அடைச்சிருச்சாமா. நானு வாயுப்பிடிப்புன்னு ஓமத்தண்ணியில்ல காச்சிக்கிட்டிருந்தேன். வாயுவாம் வாயு!

இப்ப என்னடான்னா ஊரே நோவு விசாரிக்க வருது. வந்தவங்களுக்கு ஊட்டுக்காரரு வாயால "வாங்க" சொல்லாட்டி நம்ம பக்கம் கொலக்குத்தமாச்சுங்களே! உங்களுக்கும் சேத்து நானே "வாங்க, வாங்க"ன்னு ரெண்டு தடவ சொல்லிச் சமாளிச்சேன். எங்கண்ணன் அப்புசாமிக்கு அது பத்தல. "மாப்ள ஒரு வார்த்த கூப்புடல"ன்னு பச்சத்தண்ணி குடிக்காம வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. போகட்டும்! அண்ணங் கோவம் ஆடி நோம்பிக்குத் தீந்துரும். நீங்க போயிட்டா நான் எங்கீங்க போவேன்?

சிரிக்காதீங்க! சிரிப்பும் ஆகாதாமா... என்னங்க, கண்ணாலயே கேக்கறீங்க? ரூமுக்குள்ள யாருமே பேசக்கூடாதுன்னுதான டாக்டரு சொன்னாரு, நீ மட்டும் காலம்பரயிருந்து லொடலொடங்கறயேன்னா? ஆமாங்க, சொன்னாருதான். பேச்ச நிறுத்துனா, உங்க நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறேன். பயமா இருக்குதுங்க. பேசுனா நீங்க மொறைக்கறீங்கல்ல, மொறைக்கறாரு, நல்லாத்தான் இருக்காருன்னு மனசு ஆறுது.

அடியாத்தீ, காரு சத்தங்கூடக் கேக்கலையே! டாக்டரு வாசப்படியில நிக்கறாருங்க... எத்தன நேரமா நிக்கறாரோ! எனக்கு வாயே அடைச்சுப்போச்சு, ஒரு "வாங்க"கூட... ஏனுங்க, நீங்க சொல்லாதீங்க, வேண்டாங்க, வேண்டா...

சொல்லிப்போட்டீங்களே!

டாக்டரய்யா, அவர வையாதீங்க, தப்பு எம்மேலதான். என்னையவே வையுங்க... ஆனா கொரலு அப்படியே இருக்குதுங்க, கொஞ்சங்கூடக் கொறையல. எத்தன நாளாச்சு கேட்டு!

ஏனுங்க... இன்னொருக்காச் சொல்லுங்க.