தம்பிக்கு நான் எடுத்துக் கொடுத்த சைக்கிள்

புதிதாக டிரையத்லான் பந்தயத்துக்குப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் சைக்கிள் எடுக்கிறார்கள். அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. பிடித்த நிறமாக இருந்தால் காலையில் எழுந்து ஓட்டத் தோன்றும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அளவு. ஃபிரேம் அளவு சரியாக அமைந்துவிட்டால் சுமாரான சைக்கிள்கூட உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அது தப்பினால் எவ்வளவு உசத்தியான சைக்கிளும் தொல்லைதான். பதினாறு வருடமாகக் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள். சைக்கிள் தேர்ந்தெடுத்த நாளைத்தான் நான் ஆரம்பம் என்று நினைக்கிறேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சைக்கிள் விற்பது அதில் பாதிதான். வாங்கியவரை அதன் மேல் உட்கார வைத்து மிதிக்கச் சொல்லி, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, இடுப்பு ஆடுகிறதா, கை எட்டுகிறதா என்று பார்த்து, சீட்டையும் கைப்பிடியையும் ஏற்றி இறக்கிக் கொடுப்பது மீதிப் பாதி. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. மூன்று மில்லிமீட்டரில் ஒருவருடைய வலியைத் தீர்த்து அனுப்பியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் கிண்டலாக என்னை 'வலி டாக்டர்' என்பார்கள். கேட்க எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அம்மா இறந்தபோது தம்பிக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து காய்ச்சலுக்குக் கண் விழித்தது வரை எல்லாம் நான்தான். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் தம்பியை என்ன செய்வது என்ற கேள்வியில் வந்து நின்றன. அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை. அவன் இருந்தான், எனக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

வளர்ந்து பல் மருத்துவமனையில் செயற்கைப் பல் செய்கிற வேலைக்குப் போனான். அவனும் மில்லிமீட்டர் ஆள்தான். "அக்கா, எங்க வேலையும் ஒங்க வேலையும் ஒண்ணுதான். சரியா உக்காரலன்னா கடிக்கும்," என்பான். அவனுடைய இருபத்தெட்டாவது வயதில் நீச்சல் குளத்தில் ஒரு பெண்ணோடு பழக்கமானது. அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நல்ல பெண்தான். நான் அவளை நீச்சல்காரி என்பேன், அவளும் சிரித்துக்கொள்வாள். அவள் டிரையத்லான்காரி. நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற பைத்தியக்காரத்தனம் என்று அதுவரை வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தவன், ஒரே மாதத்தில் குளமே கதி என்று ஆகிவிட்டான்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். அவளுடைய பயிற்சியாளர் எட்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறாராம். வரப்போகிற போட்டியை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் இவனையும் தன் குழுவில் சேர்த்துக்கொள்வாராம். அப்புறம் இரண்டு பேரும் அங்கேயே வேலை தேடிக்கொண்டு, கல்யாணம் முடித்துக்கொண்டு இருந்துவிடுவார்களாம்.

"முடிக்கலன்னா?" என்றேன்.

"முடிக்கலன்னா இங்கதான். அந்த ஆளு ஒரு தடவதான் பாப்பாராம். நீதான் எனக்கு நல்ல சைக்கிளா பாத்துத் தரணும்கா."

சரி என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அவனுக்காக மட்டும் திறந்தேன்.

ரோடு பைக் என்கிற, கைப்பிடி வளைந்த சாலைச் சைக்கிள்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். பந்தயத்துக்கென்றே செய்த, குனிந்து படுத்து ஓட்டுகிற சைக்கிள் ஆரம்பத்திலேயே வேண்டாம், திருப்பத்தில் தடுமாறும், இதிலேயே பழகிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றேன். கனத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்றேன். அத்தனையும் சரியான அறிவுரை, யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். மூன்று சைக்கிள்களை நிறுத்தியிருந்தேன். அவன் நேராக நீல நிறத்தை நோக்கிப் போனான். ஃபிரேம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். அவன் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் அதுதான். ஏறி உட்கார்ந்ததும் முதுகு தானாகச் சாய்ந்தது, முழங்கை லேசாக மடிந்தது, தோள் தளர்ந்தது. பதினாறு வருடத்தில் ஒரு ஆளுக்கு ஒரு சைக்கிள் அப்படிப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

"அக்கா, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு," என்றான்.

"அதை வேற ஒருத்தர் சொல்லி வெச்சிருக்காங்கடா," என்றேன்.

யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்தச் சைக்கிள் இன்னும் கடையில் நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்ற கறுப்புச் சைக்கிளை எடுத்துக் கொடுத்தேன். ஐம்பத்தாறு. அவனைவிட அரை அடி உயரமான ஆளுக்கு உரியது. கையை நீட்டி எட்டிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பெரிசா இருக்கா என்று கேட்டான். ஓட்ட ஓட்ட உடம்பு நீண்டு கொடுக்கும் என்றேன். உடம்பு அப்படியெல்லாம் நீண்டு கொடுக்காது.

இந்த இடத்தில் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. முழங்கால் வலிக்க வேண்டும், அவனாகவே இது நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அன்றைக்கு என் மனதில் இருந்தது. எத்தனையோ பேர் அப்படி விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

இரண்டு வாரத்தில் முழங்காலுக்குப் பின்னால் வலி என்று வந்தான். சீட் உயரமாக இருந்தால் அங்கேதான் வலிக்கும், இறக்க வேண்டும். நான் மூன்று மில்லிமீட்டர் ஏற்றினேன். அடுத்த மாதம் விரல் மரத்துப்போகிறது என்றான். கைப்பிடியை அருகே கொண்டுவர வேண்டும். நான் தள்ளி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏறிப் பார்த்துவிட்டு, "இப்ப பரவால்லக்கா," என்பான். பரவாயில்லாமல் இருந்திருக்க முடியாது. நான் சிரமப்பட்டுச் செய்கிறேன் என்று என் மனம் நோகாமல் சொன்னான். தன்னிடம் வருகிற நோயாளிகளிடம் மட்டும், உறுத்தினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே வந்து சொல்லுங்கள் என்று பாடம் நடத்துவான்.

சாயங்காலங்களில் ஐஸ் பையை அவன் முழங்காலில் வைத்துக் கட்டி, காலை என் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேலையிடத்துக் கதையெல்லாம் சொல்வான். பல் செட்டைத் தொலைத்துவிட்டு மனைவியுடையதைப் போட்டுக்கொண்டு வந்த பெரியவரைப் பற்றிச் சொன்ன அன்று சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் சிறுபிள்ளையாக இருந்தபோதுகூட அப்படி உட்கார்ந்து பேசியதில்லை, எனக்கு நேரம் இருந்ததில்லை. அந்த நான்கு மாதங்கள்தான் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம்.

ஆனால் அவன் விடவில்லை. நீச்சல்காரி மட்டும் ஒரு தடவை, "வேற யார்கிட்டயாவது காட்டிப் பாக்கலாமே," என்று என் காதில் விழும்படியே சொன்னாள். அவன் அதைச் சிரித்து மழுப்பினான். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முழு தூரத்தையும் ஒத்திகை பார்த்தார்கள். வலியோடு மூன்று மணி நான்கு நிமிடத்தில் முடித்தான். நான்கு நிமிடத்தை ஒரு மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டே சம்பாதித்துவிடுவான். அன்றைக்கு எனக்கு மில்லிமீட்டர் போதாது என்று புரிந்தது.

போட்டிக்கு முந்தின நாள் சைக்கிள்களை ஒப்படைக்க வேண்டும். அங்கே பிரேக் பிடிக்கிறதா, ஹெல்மெட் வார் பூட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கிற திருகுகளை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அவன் காலையில் கடைக்குக் கொண்டுவந்தான். நான் சங்கிலி துடைத்தேன், காற்றடித்தேன். பிறகு அந்த இரண்டு திருகுகளையும் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுகிற சாவி ஒன்று எங்களிடம் உண்டு. அதில் ஐந்துக்கு வைத்து இறுக்க வேண்டும். நான் இரண்டில் நிறுத்தினேன். இரண்டில் நேர் சாலையில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தித் திருப்பினால் கைப்பிடி திரும்பும், சக்கரம் திரும்பாது. அந்தப் பாதையில் இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் ஒரு நீண்ட இறக்கம் உண்டு, அதன் அடியில் ஒரு வளைவு. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். சைக்கிள் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அந்தச் சோதனையை நான் சொல்லிக் கொடுக்கிறேன். அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் கை வைத்த சைக்கிளை அவன் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

நான் திருகை இறுக்கிக்கொண்டிருந்தபோது பெஞ்சில் சாய்ந்தபடி சொன்னான்: "நீயும் எங்களோட வந்துடேங்கா. அங்க மட்டும் சைக்கிள் இல்லாமயா போயிடும்? கட வெச்சுக்கலாம். அவகூட அதத்தான் சொல்றா."

"பாக்கலாம்டா," என்றேன். பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். சாவி அப்போது இரண்டில்தான் இருந்தது, கையிலும்தான் இருந்தது.

தோள்பட்டை எலும்பு உடையும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆறு வாரத்தில் கூடிவிடும். ஆறு வாரமும் வீட்டில் இருப்பான். எதிரே ஒரு வண்டி வரும் என்று எனக்குத் தெரியாது. பந்தயச் சாலை மூடியிருந்தது. போட்டி நடத்துகிறவர்களின் தண்ணீர் பாட்டில் ஏற்றிய வேன் ஒன்று மட்டும் அனுமதியோடு மெதுவாக ஏறி வந்திருக்கிறது. அதற்கு மேல் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. அவனைப் படுக்க வைத்திருந்த அறையில் காலைத் தொட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் அவனே ஒட்டிக்கொண்ட வலிப் பட்டை பிரியாமல் இருந்தது.

அதன் பிறகு உங்கள் காவல் நிலையத்திலிருந்து சைக்கிளைப் பார்த்து நிபுணர் கருத்து எழுதித் தரும்படி என் கடைக்கே அனுப்பினார்கள். இந்த ஊரில் அதற்கு வேறு ஆள் இல்லை, தம்பியை இழந்தவளிடம் கேட்கிறோமே என்று வந்தவர் கூச்சப்பட்டார். நான் அந்தத் திருகுகளை ஐந்துக்கு இறுக்கினேன். கைப்பிடி நல்ல நிலையில் உள்ளது, சைக்கிளில் பழுது ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்தை வைத்துத்தான் வேன் ஓட்டுநர் மேல் குற்றம் எழுதினீர்கள்.

அவர் பிணையில் வந்ததும் கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். "நான் ஓரமாத்தான்மா வந்தேன். ஆனா பழுது இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்களாம். அப்ப நான்தான் கவனிக்காம விட்டுட்டேன் போல," என்று சொல்லி உட்கார்ந்து அழுதார். செய்யாத தப்பைச் செய்ததாக அவரே நம்ப ஆரம்பித்திருந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அழாதீங்கண்ணே என்றேன். அன்றைக்கே உங்களிடம் வந்திருக்கலாம். வரவில்லை.

நேற்று நீச்சல்காரி வந்தாள். உட்காரவில்லை. ஒரு தாளை மேஜையில் வைத்தாள். அவள் தொல்லை தாங்காமல் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு அவன் அவளோடு பக்கத்து நகரத்தில் என்னைப் போலவே வேலை செய்கிற ஒருவரிடம் போயிருக்கிறான். அவர் அளந்து எழுதிய தாள் அது. சீட் இருபத்திரண்டு மில்லிமீட்டர் உயரம். ஃபிரேம் இரண்டு அளவு பெரிது. இதை அமைத்தவர் தொழில் தெரிந்தவராக இருந்தால், தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று அவனுடைய முகத்துக்கு நேராகவே சொன்னாராம். இப்போதே சரிசெய்து தருகிறேன் என்று சாவியை எடுத்தாராம்.

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"கை வெக்காதீங்க, எங்க அக்கா வெச்சதுன்னான். வீட்டுக்கிட்ட வந்ததும், அக்காவுக்கு நான் போறது பிடிக்கல போல, வாயத் தெறந்து சொன்னா இருந்துடுவேன்னு சொன்னான். நீங்க சொல்வீங்கன்னு கடைசி நாள் வரைக்கும் பாத்துட்டு இருந்தான்கா."

அவள் போன பிறகு கடையை மூடிவிட்டு நேராக இங்கே வந்தேன். ஓட்டுநரை விட்டுவிடுங்கள். திருகுகளைத் தளர்த்தியது நான். என் தம்பியைக் கொன்றது நான். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

போகாதே என்று அவனிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நீங்களும் கேட்பீர்கள். சொல்லியிருந்தால் எனக்காக இருந்திருப்பான், உள்ளுக்குள் ஏங்கிப் போயிருப்பான். ஏழு வயதிலிருந்து வளர்த்திருக்கிறேன். அவன் மனம் நோகும்படி நான் ஒன்றும் செய்ததில்லை.