ஐஸ் பெட்டியில் குளவிக்கு இடம்

தருவைகுளத்தில் மினி பஸ் ஏறிய மீன்கார அம்மாவிடம், பக்கத்து சீட் விவசாயி கேட்டார்: "ஒங்க ஐஸ் பெட்டிக்குள்ள என் குளவிக்குக் கொஞ்சம் எடம் தருவீயளாம்மா?"

"குளவியா!"

"கடுகளவுகூட இருக்காது, கொட்டாது. சோளத்துல படைப்புழு முட்டைய அழிக்கும். குளவி முட்டை இந்த அட்டையில ஒட்டியிருக்கு, நாளைக்குத்தான் பொரியணும். கார்த்திகையிலயே சித்திரை வெயில் அடிக்கி. காட்டுல புழு பெருத்துட்டு. இதுக வழியிலயே பொரிச்சுப் பறந்துட்டா என் வெள்ளாம போச்சு."

அந்த அம்மா அட்டையை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பிள்ளைக இப்பமே பொறந்து பறக்குது!"

"ஐயோ, ஜன்னலச் சாத்துங்க!"

பஸ்ஸே சிரித்துக்கொண்டு சாத்தியது. வேர்த்து ஊற்றியது.

விவசாயியின் நிலத்தருகே விசிலடித்து பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர், ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கத்தினார்: "சோளக்காடு வந்தாச்சு! குளவியெல்லாம் எறங்கு!"