ஸ்பீக்கர்ல கேட்ட சேதி

மத்தியானம் ரெண்டு மணி. இந்த ஓமன்ல, ஆதம் ஊரைத் தாண்டி ஹைமா போற பாலைவன ரோடு. முன்னால ஒரு வண்டி இல்ல, பின்னால ஒரு வண்டி இல்ல... ராத்திரியிலதான் பேய் வரும்னு எவன்டா சொன்னான்? அந்த ரோட்டுக்கு உச்சி வெயிலே போதும். கிட்ட வாங்க, கரண்டு வர்ற வரைக்கும் சொல்றேன். நடுவுல எவனாவது சிரிச்சீங்க, எழுந்து போயிட்டே இருப்பேன்.

இது எங்க அர்பாப் யாகூபோட மச்சினன் கல்ஃபானுக்கு நடந்தது. நான் வேலை பாக்கற வண்டி எலக்ட்ரிக்கல் கடைக்கு யாகூப்தான் முதலாளி, தெரியுமில்ல. கல்ஃபானுக்கு ஒரு தம்பி, முந்திர். கம்ப்யூட்டர் கிறுக்கன். தன் ஜீப்புல தானே ஒரு கம்ப்யூட்டரை மாட்டி, பாட்டு, மேப்பு, போனு எல்லாத்தையும் அதுலயே ஓட வெச்சிருந்தான். ஒட்டகம் பாக்கப் போறேன்னு ஹைமா பக்கம் போனவன் திரும்பி வரல. ஜீப் மட்டும் ரோட்டோரமா நிக்குது. சாவி அதுலயே இருக்கு, கதவு திறந்து கிடக்கு... ஆள் இல்ல. போலீஸ் கொஞ்ச நாள் தேடிட்டு விட்டுட்டாங்க. கல்ஃபான் விடல. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சா நேரா பாலைவனம்தான். முந்திர் பொண்டாட்டி ஸயானா, துக்கம் கேக்க வந்தவங்களை வாசலோட திருப்பி அனுப்பிட்டா. செத்தான்னும் சொல்ல முடியல, இருக்கான்னும் சொல்ல முடியல. அந்த வேதனை எதிரிக்கும் வரக்கூடாதுப்பா.

அந்த ஜீப்பைத்தான் கல்ஃபான் ஓட்டிக்கிட்டிருந்தான். ஒருநாள் கடைக்குக் கொண்டு வந்தான். ஸ்பீக்கர்ல இரைச்சல். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஙீ...ன்னு ஏறும், விட்டா இறங்கும். எங்க தொழில்ல இது பழைய சனியன். கம்ப்யூட்டருக்கு ஒரு இடத்துல எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு வேற இடத்துல எர்த்னு அடிச்சு வெச்சா, இன்ஜினோட சுத்திக் கரண்டு தயாரிக்கற ஆல்டர்னேட்டர் போடற சத்தம் பாட்டுக்குள்ள ஏறி உக்காந்துடும். ஆனா கல்ஃபான் சொன்னது வேற. இரைச்சலுக்கு அடியில தம்பி பேசறானாம். இரைச்சலை எடுத்துக் குடுத்துட்டா என்ன சொல்றான்னு கேட்டுடலாமாம். ஆல்டர்னேட்டர் எப்போ அரபி படிச்சுதுன்னு யாகூப் கிண்டல் பண்ணினார். கல்ஃபான் சிரிக்கல. தூக்கமில்லாம கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்துச்சு.

நானும் யாகூபும் உக்காந்தோம். பெயிண்டைச் சுரண்டி, எல்லா எர்த்தையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டு வந்தோம். பாதி குறைஞ்சுது. கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல இரைச்சலைத் தடுக்க ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை வெச்சோம். சுத்தமா நின்னுச்சு. பேச்சும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கல்ஃபான் ஒத்துக்கல. வண்டி நின்ன இடத்துல வெச்சுக் கேக்கணும்னு ஒரே பிடி. யாகூபையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டான்.

இனிமே சொல்றது யாகூப் எங்கிட்ட சொன்னது. அவர் கதை கட்டற ஆள் இல்ல.

அந்த இடத்துல நிறுத்தி இன்ஜினை அணைச்சாங்க. கம்ப்யூட்டர் மட்டும் ஓடுது. பாட்டு எதுவும் போடல. ஏசி நின்னதும் அனல் உள்ள ஏறுது... திடீர்னு ஈயம் உருக்கிப் பத்த வெச்ச வாசனை. சால்ட்ரிங் பண்ணுவோமே, அந்தப் புகை வாசனை. வண்டியில அதுக்கான கம்பியே கிடையாது. முந்திர் சட்டையில எப்பவும் அந்த வாசனை இருக்குமாம். அப்புறம் ஸ்பீக்கர்ல டப்... மைக்கை ஆன் பண்ணா கேக்குமே, அது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

முந்திர் குரல். ஸலாம் சொன்னா பதில் சொல்லாம இருக்க முடியுமா? கல்ஃபான் வாய் தானா சொல்லிடுச்சு.

"என்ன சேதி?"ன்னு கேட்டுச்சு குரல்.

இங்கதான்டா வினை. இந்த ஊர்க்காரங்க பழக்கம் உங்களுக்கே தெரியும். ஸலாமுக்கு அப்புறம் சேதி கேப்பாங்க. வீட்டுல எழவே விழுந்திருந்தாலும், நல்ல சேதிதான், வேற ஒண்ணும் இல்லன்னுதான் முதல்ல சொல்லணும். உக்காந்து காப்பி குடிச்ச அப்புறம்தான் உள்ளது வெளிய வரும். சின்ன வயசுலேருந்து பழகின நாக்கு... தம்பி குரலைக் கேட்ட பதட்டத்துல அதுதான் வந்துச்சு.

"நல்ல சேதிதான். வேற ஒண்ணும் இல்ல."

அப்புறம், ரொம்ப மெதுவா,

"அப்போ என்னை யாரும் தேடலையா?"

டப். அவ்வளவுதான்.

கல்ஃபான் ஸ்பீக்கரைக் கையால அறைஞ்சானாம். தேடறோம்டா, வாரா வாரம் தேடறோம்டான்னு கத்தினானாம். யாகூப் நாங்க வெச்ச டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கிக் கடாசினார். எர்த்தை எல்லாம் கழட்டிப் பழைய இடத்துலயே மாட்டினார். இன்ஜினைப் போட்டு மிதிச்சாங்க. இரைச்சலாவது வரட்டும்னு... எவ்வளவு மிதிச்சும் வரல. இத்தனை வருஷத்துல, ஸ்பீக்கர் இரையலன்னு ஒருத்தன் அழுதான்னா அது கல்ஃபான்தான்.

ஸயானாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு பேசி வெச்சுக்கிட்டுத் திரும்பினாங்க. அவ வாசல்லயே நிக்கறா. கையில ஒரு பழைய போன். பிள்ளைங்க விளையாடக் குடுத்தது, உள்ள சிம்மே கிடையாது. இப்பதான் அவர் பேசினார்னு சொன்னாளாம். அண்ணன்கிட்ட விசாரிச்சேன், அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காம், அப்போ நான் இங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டாராம்.

அவ அழல. கல்ஃபான் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாளாம்...

"ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?"