தூங்குமூஞ்சி ஆடிய நான்கு நாடுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் கழகத் தலைவர் அவர்களே, அவனுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அவன் அப்பா, அம்மா, தங்கையே, இந்த மண்டபம் கொள்ளாமல் வாசல்வரை வந்து நிற்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தக் கழகத்தின் பழைய கோல்கீப்பர். ஆட்டம் முழுவதும் பின்னால் நின்று கத்துவதுதான் என் தொழில். மேடைப் பேச்சு பழக்கமில்லை. குரல் உயர்ந்தால் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

யாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்? செய்தித்தாள்கள் அவரை நான்கு நாடுகளில் ஆடிய நட்சத்திரம் என்று எழுதின. நமக்கு அவன் தூங்குமூஞ்சி. இடது ஓரத்தில் அவன் ஓட ஆரம்பித்தால் எல்லைக்கோட்டில் சுண்ணாம்புத் தூள் எழும். அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் உடை மாற்றும் அறையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்போம். அவன் ஒரு காலில் பூட்ஸை மாட்டுவான். மறு காலுக்கு வருவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான். "டேய், மேட்ச்டா" என்று உலுக்கினால், "இருண்ணே, ஒரு தடவை ஆடிப் பாத்துட்டு வர்றேன்" என்பான், கண்ணைத் திறக்காமலே.

விழித்ததும் மறு பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்குவான். அதன்பிறகு மைதானத்தில் அவன் ஆடுவது, ஏற்கெனவே எங்கோ நடந்து முடிந்த ஆட்டத்தை நமக்காக மறுபடி ஆடிக் காட்டுவது போல இருக்கும். அவசரமே இருக்காது. இரைச்சல் எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பது போலிருக்கும். பந்து மிதந்து வரும். அது வந்து சேரும் இடத்தில் அவன் முன்பே நின்றிருப்பான்.

தூக்கத்தில் ஆடுகிறவன் தப்பே செய்ய மாட்டானா? செய்தான். இரண்டாவது நாட்டில் ஒரு பருவம் நானும் அவனும் ஒரே அணியில் இருந்தோம். இங்கே நம் கழகத்தில் சின்ன வயதிலிருந்தே அவன் போட்டது பச்சைச் சட்டை. அங்கே எங்களுக்கு வெள்ளை. ஒருநாள் எதிரணிக்காரர்கள் பச்சையில் வந்து இறங்கினார்கள். இவன் பந்தை எடுத்தான், இரண்டு பேரை ஏமாற்றினான், தலையைத் தூக்கிப் பார்த்தான், அளந்து வைத்த மாதிரி ஒரு பாஸ் கொடுத்தான். யாருக்கு? பச்சைச் சட்டைக்கு. அடுத்த நொடி பந்து என் வலைக்குள் கிடந்தது. அணி மாறி அணி ஆடுகிறவர்களுக்கு வருகிற வியாதிதான் இது. ஆனால் அதை இத்தனை அழகாகச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் அந்தப் பச்சைச் சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். "கால் வீட்டுக்குப் போயிடுச்சுண்ணே" என்றான். அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

மூன்றாவது நாட்டில் பனிமழையில் ஆடினான். நான்காவது நாட்டில், சென்ற மாதம், ஓய்வு நாளன்று மதியம் தன் அறையில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். அவனுக்கு வயது இருபத்துநான்கு.

இனி நான் அப்பாவிடம் பேசப்போகிறேன். எல்லோர் முன்னாலும் பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்பா, செய்தி வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள யாருமில்லாத ஊர்ல அநாதையா செத்துட்டான்" என்று அழுதீர்கள். அதே ஊரின் பெண்கள் அணி உங்கள் மகளை ஆட அழைத்திருக்கிறது. அண்ணன்காரன் உயிரோடு இருந்தபோதே பேசி முடித்த ஏற்பாடு. "ஒருத்தன அனுப்புனது போதும்" என்று சொல்லிவிட்டீர்கள். அன்று முதல் அவள் பந்தைத் தொடவில்லை. உங்களைக் குறை சொல்ல இங்கே யாருக்கு வாய் இருக்கிறது? எனக்கு இல்லை.

ஆனால் அவனைக் கொண்டுவரப் போனவன் நான். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மாடியில் ஒற்றை அறை. கட்டில், நாற்காலி, கொடியில் அவன் காயப்போட்ட காலுறைகள். கீழே வீட்டுக்கார அம்மா முகம் வீங்க அழுதுகொண்டிருந்தார். அணியின் பஸ் டிரைவர் வந்தார். சட்டை துவைத்துக் கொடுப்பவர் வந்தார். முந்தின வாரம் இவனிடம் தோற்றுப்போன எதிரணிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் பேசியது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் பேச்சின் நடுவே இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினார்கள். சிரிக்கப் பார்த்தார்கள், முடியாமல் அழுதார்கள். அங்கேயும் அவன் தூங்குமூஞ்சிதான் அப்பா. பட்டப்பெயர் வைத்துக் கேலி பேச ஆள் இருக்கிற ஊரில் ஒருவன் அநாதையா?

இன்னொன்றும் உண்டு. அந்த ஊர்க் கழக அலுவலகத்துப் பெண் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னது. அன்று மதியம் அந்த வீட்டுக்கார அம்மா மேலே போய்ப் பார்த்திருக்கிறார். வழக்கம்போலத் தூங்குகிறான் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கியிருக்கிறார்.

கழகத்தின் சார்பில் வாசிக்க ஓர் உறுதிமொழி எழுதி வைத்திருக்கிறேன். அவன் பெயரில் கோப்பைப் போட்டி நடத்துவோம், அவன் ஓடிய இடது ஓரத்தை... பொறுங்கள். அப்பா எழுந்திருக்கிறார். பின்னால் கொஞ்சம் அமைதி. சொல்லுங்கள் அப்பா.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. "அந்தம்மா ரூமை வேற யாருக்காவது விட்டுட்டாங்களா" என்று கேட்கிறார்.

இல்லை அப்பா. விடவில்லை.

"அப்ப நானும் வர்றேன். அவங்களைப் பாக்கணும். பாப்பாவை நானே கொண்டுபோய் விடுறேன்" என்கிறார்.

அவையோரே, உறுதிமொழிக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். அவன் விட்ட இடத்திலிருந்து நாம் செய்யவேண்டியது இதுதான். அப்பா இந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. நாளைக் காலை கடை திறந்ததும் நம் கழகத்தின் முதல் வேலை, அவரைப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க அழைத்துப் போவது.